எல்லா ராத்திரியும் கர்ண மோட்சமா?

பாரதக் கூத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்த சகோதரிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். எல்லா ராத்திரியும் ஒரே மாதிரி அமையாது. துகில் ராத்திரியில் ஊரே கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்கும். கைக்குழந்தை கூட சிணுங்காது. அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு ராத்திரி வரும் பாருங்கள், மணி இரண்டடிக்கும்போது களத்தில் பாதிப் பாய் காலியாகக் கிடக்கும். மீதிப் பாயில் இருப்பவர்களும் படுத்துவிட்டிருப்பார்கள். வேஷக்காரர் என்னமோ ஆடிக்கொண்டுதான் இருப்பார். மத்தளக்காரரும் தட்டிக்கொண்டுதான் இருப்பார். ஆனால் எதிலும் ஒட்டுதல் இருக்காது. "இன்னாடி இது, இன்னிக்கு இழுத்துக்கினே போவுது" என்று பக்கத்துப் பாயிலிருந்து குரல் வரும்.

அந்த மாதிரி ராத்திரிகளை என்ன செய்வது? விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா, இல்லை வேறு ஏதாவது வழி உண்டா? இதைப் பற்றி எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் கூத்து அல்ல. சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன்தான்.

அவன் சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு ஒரு விளையாட்டு விளையாடுகிறான். மேஜையைச் சுற்றி ஐந்து பேர். அதில் ஒருவர் கதையை நடத்துபவர். மற்ற நான்கு பேரும் ஆளுக்கு ஒரு பாத்திரம். வேஷம் என்றால் அரிதாரம், கிரீடம் எதுவும் கிடையாது. எல்லாம் பேச்சில்தான். ஒருத்தர் வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன், ஒருத்தர் வைத்தியம் தெரிந்த பூசாரி. "நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே வெளிச்சம் தெரிகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். "நான் மெதுவாக எட்டிப் பார்க்கிறேன்" என்பான் ஒருவன். எட்டிப் பார்த்தது பலித்ததா, கால் வழுக்கியதா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். அந்தப் பகடைக்கு இருபது பக்கம்! சகுனி பார்த்திருந்தால் ஆசைப்பட்டிருப்பான்.

இதற்கு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் சேர்ந்து கொண்டுவந்தார்களாம். இதில் முக்கியமான சங்கதி, ஒரே நாளில் முடிகிற ஆட்டம் இல்லை. போன வாரம் விட்ட இடத்திலிருந்து இந்த வாரம் தொடங்கும். அப்படியே மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒரே கதை போகும். கனடாவில் ராபர்ட் வார்டா என்ற சரித்திரப் பேராசிரியர் 1982-ல் தொடங்கிய கதையை 40 வருஷங்களைத் தாண்டியும் நடத்தி வந்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. "அட, இது நம்ம ஊர் பாரதம்தானே" என்றுதான் தோன்றியது. அவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், நம்மவர்கள் எழுந்து ஆடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்தான்.

"பெரியம்மா, நேத்து ரொம்ப சப்புன்னு போயிடுச்சு. நாலு மணி நேரமும் ஒரு சந்தையில கயிறும் விளக்கெண்ணெயும் பேரம் பேசினதுலயே முடிஞ்சுது. ரெண்டு பேர் செல்லை நோண்டிட்டு இருந்தாங்க. மூணு வருஷமா ஆடறோம். நான் விட்டுடலாம்னு பாக்கறேன்."

"கதை நடத்தறாரே, அந்தப் புள்ளை என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலை. ராத்திரி, 'அடுத்த வாரம் வேணுமா வேணாமா, சொல்லுங்க'ன்னு எல்லாருக்கும் செய்தி போட்டிருக்கான். யாரும் இன்னும் பதில் போடலை."

அந்தப் பையன் வெளியூர்க்காரன். தனியாக அறை எடுத்துத் தங்கி ராத்திரி ஷிப்டு வேலைக்குப் போகிறவன். வாரத்தில் நாலு முகங்களைப் பார்த்துச் சிரித்துப் பேசுவது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதானாம். மூன்று நாள் உட்கார்ந்து எழுதித் தயார் செய்து கொண்டு வந்த கதையாம். இதைக் கேட்டதும் எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. ஒரு ராத்திரி சப்பென்று போனதற்காக மூன்று வருஷத்துச் சிநேகிதமா போக வேண்டும்? "அவசரப்படாதே கண்ணு, நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கூத்துப் பார்க்கிறவர்களுக்கும் ஆகும், மேஜை ஆட்டம் ஆடுகிறவர்களுக்கும் ஆகும், நம் மாதிரி வீட்டைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கும் ஆகும்.

அலுப்பு எங்கிருந்து வருகிறது?

முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தலைவலிக்கும் வயிற்று வலிக்கும் ஒரே கஷாயம் குடிப்போமா?

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் சும்மா இல்லை. ஊருக்குத் தகுந்தபடி 10 நாள், 18 நாள், இருபது நாளுக்கு மேலும் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லி பாரதத்தை வைத்துக்கொண்டு கதை சொல்லுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து ஆரம்பித்தால் கிழக்கு வெளுக்கும் வரை போகும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக வரும்.

இதில் பாதி அலுப்பு கதையினால் வருவது இல்லை, உடம்பினால் வருவது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஐந்து மணிக்குள் மனிதருடைய உடம்புச் சூடு இருப்பதிலேயே குறைந்து போகும். அந்த நேரத்தில் மூளையும் மந்தமாகும். அப்போது தேவேந்திரனே வந்து ஆடினாலும் கொட்டாவிதான் வரும். மறுநாள் காலையில் "கூத்து சரியில்லை" என்று பேசிக்கொள்வோம். கூத்து சரியாகத்தான் இருந்திருக்கும், நாம்தான் சரியாக இருந்திருக்க மாட்டோம். அந்தச் சென்னைப் பிள்ளைகளும் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் பரோட்டாவை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மேஜையில் உட்காருகிறவர்கள்தான்.

இரண்டாவது, ஆடுகிறவர்களின் களைப்பு. பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் கூத்துக்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். ராத்திரி முழுக்க மரக்கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு, தொண்டை கிழியப் பாடிச் சுழன்று ஆட வேண்டும். எங்கள் தெருவுக்கு உறவுமுறையில் வேண்டிய ஒரு கூத்து வாத்தியாரிடம், "இன்னா அண்ணே, நேத்து கொஞ்சம் சுரத்து இல்லையே" என்று ஒரு முறை வாய்விட்டே கேட்டுவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லா ராத்திரியும் கர்ண மோட்சம் ஆட முடியுமா தாயி? அப்புறம் கர்ண மோட்சத்துக்கு இன்னா மரியாதை?" என்றார். எவ்வளவு பெரிய பேச்சு!

மூன்றாவதுதான் கதை. சில கட்டங்கள் இயல்பாகவே மெதுவாக நடப்பவை. ராஜசூய யாகத்தில் ராஜாக்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வருவார்கள், போவார்கள். கிருஷ்ணன் தூதில் பேச்சு ஜாஸ்தி. சண்டைப் பிரியர்களான நம் பிள்ளைகளுக்கு அது பிடிக்காது.

மெதுவான ராத்திரிக்கும் வேலை உண்டு

ஆனால் ராஜசூயத்தைத் தூங்கிக் கழித்தவர்களுக்கு ஒன்று தவறிப் போய்விடும். அந்த அதிசய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீர் என்றும் தரை என்றும் தெரியாமல் தடுக்கி விழுகிறான். அதைப் பார்த்துத் திரௌபதி சிரித்துவிடுகிறாள். அந்தச் சிரிப்புதான் பிறகு சூதாகிறது, துகிலாகிறது, விரித்த கூந்தலாகிறது, குருக்ஷேத்திரமும் ஆகிறது. சிரிப்பைப் பார்க்காதவர்களுக்குத் துகிலைப் பார்த்தால் அழுகை மட்டும்தான் வரும். பார்த்தவர்களுக்கு அழுகையோடு பயமும் வரும். ஒரு சின்னச் சிரிப்புக்கு இவ்வளவா என்று அடிவயிறு கலங்கும்.

எங்களூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் சில வருஷங்களுக்கு முன் இந்தப் பேச்சு வந்தது. "எல்லா நாளும் எதுக்கு? அறுவை ராத்திரியெல்லாம் எடுத்துடலாம். துகில், தபசு, கர்ண மோட்சம் மூணு மட்டும் போதும். மிச்சப் பணத்துல பாட்டுக் கச்சேரி வெச்சுக்கலாம்" என்று இளவட்டங்கள் சொன்னார்கள். செலவு குறையும் என்று பெரியவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மூன்று ராத்திரியும் கூட்டம் என்னவோ நல்ல கூட்டம்தான். கடைசி நாள் படுகளம் வந்தது. களிமண்ணால் பெரிதாகச் செய்த துரியோதனன் உருவம் தரையில் கிடக்கிறது. பீமன் தொடையில் அடிக்கிறான். திரௌபதி அம்மன் கூந்தல் முடிக்கிறாள். வழக்கமாக அந்த நேரத்தில் பெண்கள் அழுகிற அழுகை தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அந்த வருஷம் கேட்கவில்லை. நானும் போயிருந்தேன். ஜனங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்தில் நின்ற ஒரு ஆயா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "கூடவே காட்டுக்குப் போனாத்தான்டி அவ தலை முடியும்போது நமக்கு அழுகை வரும். நேரா படுகளத்துக்கு வந்தா மண்ணுதான் தெரியும்."

அடுத்த வருஷம் அந்த ஊரிலேயே பழையபடி எல்லா ராத்திரியும் வைத்தார்கள். அதிலும் இரண்டு ராத்திரி சப்பென்றுதான் போனதாம்! ஆனால் கூந்தல் முடிப்பில் அழுகை திரும்பி வந்துவிட்டது என்றார்கள்.

உத்திரமேரூர்க்காரியாக இருந்துகொண்டு எங்கள் ஊர்க் கல்வெட்டைச் சொல்லாமல் விடலாமா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழர் காலத்தில் 919, 921-ஆம் வருஷங்களில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 30 குடும்பிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தவர்கள் 360 நாள் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனியாக இருந்தது. 360 நாளும் என்ன, சுவாரசியமாகவா இருந்திருக்கும்? குடவோலை எடுக்கிற நாள்தான் திருவிழா. மற்ற நாள் எல்லாம் மதகைப் பார்ப்பதும் கரையைப் பார்ப்பதும்தான். அப்படிப் பார்த்ததால்தான் ஏரியில் தண்ணீர் நின்றது.

நான் கண்ட வழிகள்

இனி, சப்பென்ற ராத்திரியைச் சமாளிக்க நான் கண்டதும் கேட்டதுமான வழிகளைச் சொல்கிறேன். தங்கை மகனுக்கும் இவற்றைத்தான் சொன்னேன்.

ஒன்று: உடம்பைக் கவனியுங்கள். கூத்துக்குப் போகிற அன்று பகலில் ஒரு மணி நேரமாவது படுத்து எழ வேண்டும். ராத்திரிச் சாப்பாடு அரை வயிறு போதும். இட்லியோ இடியாப்பமோ நல்லது. எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் முதல் வேஷம் திரைக்கு வருவதற்குள் கண் சொருகும். ஒரு பிளாஸ்க்கில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் போட்ட காபியும், ஒரு பாட்டில் தண்ணீரும் கூட இருக்கட்டும். தாங்க முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் ஒரு இருபது நிமிஷம் சாய்ந்துவிடுங்கள். அது ஒரு மணி நேரமாக நீண்டால்தான் எழுந்தபின் தலை பாரமாக இருக்கும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருந்து வேளையைத் தவற விடக்கூடாது, தொடர்ந்து பல ராத்திரி விழிக்கவும் கூடாது. விடிந்ததும் தூக்கக் கலக்கத்தோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பும் ஆண்பிள்ளைகளைக் கட்டாயம் தடுத்து நிறுத்துங்கள்.

இரண்டு: கைக்கு வேலை கொடுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கூத்துப் பார்த்துக்கொண்டே மறுநாள் பூசைக்குப் பூத் தொடுப்பார்கள். கை ஓடிக்கொண்டிருந்தால் காது கதையில் இருக்கும். செல்போன் அப்படி இல்லை, அது காதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். மேஜை ஆட்டம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இதற்கு நல்ல வழி உண்டு. ஒருவர் நடந்ததை நோட்டில் எழுதலாம். ஒருவர் போகிற பாதையைப் படமாக வரையலாம். "நீ கணக்கப்பிள்ளை ஆயிடு" என்றேன் அவனிடம்.

மூன்று: கட்டியக்காரனாக இருங்கள். கூத்தில் கட்டியக்காரன் ராஜாவும் இல்லை, வீரனும் இல்லை. ஆனால் அவன் இல்லாமல் கூத்து நகராது. துரியோதனன் தன் பெருமையை நீட்டி முழக்கும்போது, "ஆமாம் மகாராஜா, ரேஷன் கார்டுல உங்க பேரு எப்படிப் போட்டிருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்பான். களம் சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிடும். கட்டியக்காரன் செய்வது என்ன? கேள்வி கேட்கிறான், அடுத்தவரைப் பேச வைக்கிறான். அவ்வளவுதான். ஆட்டம் தொய்ந்தால், "எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே" என்று உட்கார்ந்திராமல், பக்கத்துப் பாத்திரத்திடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். "ஏ மந்திரவாதி, நீ எதுக்காக வீட்டை விட்டு வந்தே?" என்று கேட்டால் சந்தைக் கட்டமும் சபைக் கட்டமாகிவிடும்.

நான்கு: நடத்துகிறவர்கள் களத்தைப் பார்க்க வேண்டும். நல்ல கூத்து வாத்தியார் தெரிந்த பாட்டை எல்லாம் பாடித்தான் தீருவேன் என்று நிற்க மாட்டார். கூட்டம் தொய்கிறது என்று கண்டால் நாலு பாட்டை இரண்டாக்குவார். அடுத்த வேஷத்துக்குத் திரை பிடிக்கச் சொல்லிவிடுவார். திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டாலே பாதித் தூக்கம் போய்விடும் அல்லவா? ஆனால் ஒன்று, தூக்கத்தைக் கலைக்கிறேன் என்று சம்பந்தமில்லாத சினிமாப் பாட்டைச் செருகுகிறார்களே, அது கூடாது. அந்த நிமிஷத்துக்குக் கைதட்டல் கிடைக்கும். பிறகு பாஞ்சாலி வந்து அழுதால் யாருக்கும் ஒட்டாது. குழம்பில் உப்புக் குறைந்தால் உப்புத்தான் போட வேண்டும், இன்னும் ஒரு பிடி மிளகாய்த் தூளைக் கொட்டக் கூடாது.

ஐந்து: பந்தலிலேயே குறை சொல்லாதீர்கள். வேஷம் கலைத்து அரிதாரம் துடைக்கிற மனுஷனிடம் போய், "இன்னிக்கு நல்லாவே இல்லை" என்றால் அவர் மனசு என்ன பாடுபடும்? மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், நன்றாக இருந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் குறையைச் சொல்லலாம். அதுவும், "பேரம் பேசின இடம் நீளமாயிடுச்சு" என்று இடத்தைச் சொல்ல வேண்டும். "உனக்குக் கதையே சொல்லத் தெரியலை" என்று ஆளைச் சொல்லக்கூடாது. மருமகள் வைத்த ரசத்துக்கும் இதே நியாயம்தான்.

ஆறு: ஒரு நாள் வேறு, வழக்கம் வேறு. ஒரு ராத்திரி சப்பென்று போனால் அது ராத்திரியின் குணம். நாலு, ஐந்து ராத்திரி தொடர்ந்து அப்படியே போனால் எல்லோரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். நேரத்தைக் குறைக்கலாம், நாளைத் தள்ளி வைக்கலாம். யாருக்காவது நிஜமாகவே இஷ்டம் போய்விட்டது என்றால் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பதும் பாவம். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நழுவக் கூடாது. எவ்வளவு மோசமான கூத்தாக இருந்தாலும் விடிந்ததும் மங்களம் பாடாமல் யாரும் கிரீடத்தைக் கழற்றுவது இல்லை. எதை முடித்தாலும் மங்களம் பாடி முடிக்க வேண்டும்.

கூத்தே தொய்ந்து போன காலமும் உண்டு

கூத்துக் கலையே ஒரு காலத்தில், "இதெல்லாம் யார் பார்ப்பார்கள்" என்று ஒதுக்கப்பட்டதுதான். அப்போதும் விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தவர்களால்தான் இன்றைக்கு இருக்கிறது. எங்கள் காஞ்சிபுரம் பக்கம் பரம்பரைக் கலைஞரான பி.ராஜகோபால் முதலானவர்கள் 1990-ல் கட்டைக்கூத்துக் கலைஞர்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002-லிருந்து 2020 வரைக்கும் குருகுலம் நடத்திப் பிள்ளைகளுக்குப் படிப்போடு கூத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே பெண் வேஷமும் கட்டி ஆடி வந்த கூத்தில், அங்கே பெண் பிள்ளைகளும் கிரீடம் கட்டி ஆடினார்கள். என் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெருமை! அந்தப் பிள்ளைகள் அடவு கற்றுக்கொண்ட காலையெல்லாம் கைதட்டல் கேட்டா கற்றுக்கொண்டிருப்பார்கள்? ஒரே அடவைத் திரும்பத் திரும்ப மிதித்த, பார்க்க ஒன்றுமே இல்லாத காலைகள்தானே அவை?

தங்கை மகன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பையனுக்கு, "நான் வரேன். போன வாரம் நடந்ததை நான் எழுதி வெச்சிருக்கேன்" என்று பதில் போட்டான். ஒருவர் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். சனிக்கிழமை டீ குடித்துக்கொண்டே பேசித் தீர்த்துக்கொண்டார்களாம். நாலு மணி நேரத்தை மூன்றாக்கினார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடுமுறை. செல்போன்களை எல்லாம் ஒரு சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறார்கள். நால்வரில் ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இனி வர முடியாது என்று சொல்லிவிட்டான். அவனுடைய வீரனுக்குக் கதைக்குள்ளேயே ஒரு ஊரின் காவல் பொறுப்பைக் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பினார்களாம். மங்களம் பாடத் தெரிந்த பிள்ளைகள்!

இரண்டு மாதம் கழித்து அவன் மறுபடி பேசினான். "பெரியம்மா, அன்னிக்குச் சந்தையில வாங்கினோமே ஒரு கயிறு, அதை எல்லாரும் மறந்தே போயிட்டோம். நேத்து மந்திரவாதி ஒரு பாழுங்கிணத்துல விழுந்துட்டான். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தா கயிறு இருக்கு! அதை விட்டுத்தான் தூக்கினோம். அவ்வளவு சத்தம் போட்டதுல கீழ் வீட்டுக்காரங்களே வந்து கேட்டாங்க."

நடுவில் இரண்டு சனிக்கிழமை சுமாராகத்தான் போனதாம். அதையும் சேர்த்தே சொன்னான். அப்படிச் சொன்னதுதான் எனக்கு ரொம்பத் திருப்தி.

சகோதரிகளே, நம் வீட்டிலும் தினமும் பாயசமா வைக்கிறோம்? பொங்கலும் தீபாவளியும் வருஷத்துக்கு ஒரு தரம்தான். மற்ற நாளெல்லாம் ரசமும் அப்பளமும், பள்ளிக்கூடப் பையும், துவைக்கிற துணியும். அந்த நாட்களில்தான் குழந்தை வளர்கிறது, ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்கிறோம். ஆகவே வீட்டிலோ வெளியிலோ ஏதாவது சப்பென்று போனால் உடனே பாயைச் சுருட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு வாய் சுக்குக் காபி குடியுங்கள். பக்கத்துப் பாயில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மூன்று மணி தாண்டிவிட்டது என்றால் விடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்.